வேலைக்கு முன் ஓர் அறை

ஒவ்வோர் ஆண்டும் பட்டமளிப்பு விழா முடிந்த ஓரிரு வாரங்களில் எனக்குச் சில தொலைபேசி அழைப்புகள் வரும். பெரும்பாலும் அறிமுகம் இல்லாத குரல்கள். "அக்கா, நானும் நம்ம கழகத்துலதான் இருந்தேன். இன்னொரு அக்காதான் உங்க நம்பர் கொடுத்தாங்க. கோலாலம்பூர்ல வேலை தேடலாம்னு இருக்கேன்" என்று தொடங்குவார்கள். தற்குறிப்பைப் பற்றியோ நேர்முகத் தேர்வைப் பற்றியோ கேட்கப் போகிறார்கள் என்று நான் எதிர்பார்ப்பேன். அவர்கள் கேட்பது வேறு. சற்றுத் தயங்கிவிட்டு, "அங்க எங்கக்கா தங்குறது?" என்பார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் நம்மிடம் பதில் இல்லை.

இறுதியாண்டு மாணவர்களுக்கு நாம் கருத்தரங்கு நடத்துகிறோம். தற்குறிப்பு எழுதுவது எப்படி, நேர்முகத் தேர்வில் அமர்வது எப்படி, கைகுலுக்குவது எப்படி என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால், கெடாவிலிருந்தோ பேராக்கின் ஒரு மூலையிலிருந்தோ தலைநகருக்கு வரும் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக்கு முந்திய இரவு தலைசாய்க்க ஓர் இடம் வேண்டாமா? கோலாலம்பூரில் நெருங்கிய உறவோ பண வசதியோ இல்லாத ஒரு பட்டதாரிக்கு வேலை கிடைப்பதைத் தகுதி மட்டும் தீர்மானிப்பதில்லை. வேலை கிடைக்கும்வரை அந்த நகரத்தில் தாக்குப்பிடிக்க முடிகிறதா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அதற்கான ஏற்பாட்டை நம் கழகமும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து செய்ய முடியும் என்பதே நான் சொல்ல வருவது. என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பையும் 1,200 வெள்ளியும்

நான் கெடா, கோல கெட்டில் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். பினாங்கில் நிர்வாகத் துறை படித்தேன். 2017 ஜூலையில், இறுதித் தேர்வு முடிந்த கையோடு சுங்கைப் பட்டாணியில் இரவுப் பேருந்து ஏறி, விடியற்காலை ஐந்து மணிக்கு டி.பி.எஸ். முனையத்தில் இறங்கினேன். கையில் ஒரு பை. பையில் 1,200 வெள்ளி. விடுமுறையில் தொழிற்சாலையில் வேலை செய்து சேர்த்தது 800. அம்மா கூட்டுப் பணம் எடுத்துக் கொடுத்தது 400.

ரவாங்கில் அத்தை முறையாகும் ஒருவரின் வீட்டில் தங்கினேன். இரண்டறை அடுக்குமாடி வீட்டில் ஏற்கனவே ஐந்து பேர். ஆறாவதாக நான் கூடத்தில் படுத்துக்கொண்டேன். எனக்காக அவர்கள் தொலைக்காட்சியைச் சீக்கிரமே அணைத்துவிடுவார்கள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால், சோற்றுப் பானையின் அடியைக் கரண்டி தட்டும் சத்தம் எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. இரண்டாவது வாரத்திலிருந்து "வெளியே சாப்பிட்டுவிட்டேன்" என்று பொய் சொல்லத் தொடங்கினேன்.

முதல் நேர்முகத் தேர்வு பங்சார் சவுத்தில். முதல் நாளே இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். ரவாங்கிலிருந்து அதற்காக ஒரு முறை போய்வரக் காசு செலவாகுமே என்று விட்டுவிட்டேன். பெயரை நம்பி எல்.ஆர்.டி.யில் பங்சார் நிலையத்தில் இறங்கினேன். பங்சார் சவுத்துக்குக் கெரிஞ்சி நிலையத்தில் இறங்க வேண்டும். அது கம்போங் கெரிஞ்சி என்னும் பழைய குடியிருப்புப் பகுதி. மேம்பாட்டாளர் சூட்டிய புதுப்பெயர்தான் பங்சார் சவுத். அங்கேயே வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தைந்து நிமிடம் தாமதமாகப் போய் நின்றேன். வரவேற்பு மேசையிலிருந்த பெண் மரியாதையாகவே பேசினாள். ஆனால், தேர்வாளர் அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார். தவறு என்னுடையதுதான். ஆயினும் ஓர் ஊர் தெரியாததால் ஒரு வேலை கைநழுவும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முகவரியும் சம்பளச் சீட்டும்

நகருக்குள் ஓர் அறை பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். அன்று நான் பார்த்த சாதாரண அறையின் வாடகை 450 வெள்ளி. இரண்டு மாத வைப்புத்தொகை, நீர் மின்சாரத்துக்கென அரை மாதம், முதல் மாத வாடகை எனச் சாவியைக் கையில் வாங்க மூன்றரை மாதப் பணம் வேண்டும். அதாவது 1,575 வெள்ளி. என்னிடம் அப்போது ஆயிரம்கூட இல்லை.

பணம் மட்டும்தான் தடையா என்றால் அதுவும் இல்லை. விளம்பரங்களில் "சீனர் மட்டும்", "மலாய்க்காரர் மட்டும்" என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். அப்படிப் போடாத பதினொரு எண்களுக்கு அழைத்தேன். என் மலாய்மொழி நன்றாகவே இருக்கும். பேச்சு சுமுகமாகப் போகும். கடைசியில், "நீங்கள் என்ன இனம்?" என்ற கேள்வி வரும். பதில் சொன்னதும் அறை ஏற்கனவே போய்விட்டதாக நினைவு வந்துவிடும். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு சமத்துவத்தை உறுதி செய்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால், அது அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் இருவருக்கிடையில் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. வீட்டுக்காரரிடம் அந்தப் பிரிவைக் காட்டிப் பயனில்லை.

நம்மவர்களைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான கட்டுரை ஆகாது. பன்னிரண்டாவது எண் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழருடையது. அவர் அன்பாகத்தான் பேசினார். "வேலை இல்லாத பிள்ளைக்கு எப்படிம்மா கொடுக்கிறது? சம்பளச் சீட்டு இருந்தா கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். அதே வாரம் ஒரு நிறுவனத்தில், "ரவாங்கில் இருக்கிறீர்களே, எட்டரை மணிக்கு வந்து சேர்வீர்களா? பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்" என்றார்கள். அறைக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். வேலைக்குப் போனால் அறை எங்கே என்கிறார்கள். இந்த வட்டத்துக்குள் ஒருவர் நுழைய வழி எது?

நண்பர்களே, நம் இளைஞர்கள் சோம்பேறிகள், வேலையைத் தேடிப் போக மாட்டார்கள் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த வட்டத்தை ஒரு முறையாவது சுற்றிப் பார்க்க வேண்டும்.

555 புத்தகம்

மூன்றாவது வாரம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பையைக் கட்டினேன். அன்றிரவு கழகத்தின் முன்னாள் மாணவி ஒருவர் அழைத்தார். சொற்போர்ப் பயிற்சிக்கு எங்களுக்கு நடுவராக வந்தவர். அதற்கு மேல் பழக்கமில்லை. யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. "ஏன் முன்னமே சொல்லல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. வெட்கம் என்பதுதான் உண்மை.

செத்தாப்பாக்கில் அவரும் இன்னும் இரண்டு தோழிகளும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஓர் அறையில் எனக்கு மெத்தை போட்டார்கள். வைப்புத்தொகை கேட்கவில்லை. "வாடகையில உன் பங்கு மாசம் 200. இப்பத் தர வேண்டாம். ஆனா எழுதி வைக்கணும்" என்றார். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு 555 நோட்டுப் புத்தகம் இருந்தது. மளிகைக் கடையில் நம் பாட்டிமார் கடன் எழுதி வாங்கிய அதே சின்னப் புத்தகம். வாடகைப் பங்கு, அரிசி, மின்சாரம் என எல்லாம் அதில் ஏறின.

அந்தப் புத்தகம்தான் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது. அத்தை வீட்டில் நான் விருந்தாளி. எத்தனை நாள் என்று யாரும் கேட்காவிட்டாலும் நானே எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கே நான் கடன்காரி. கடனுக்கு ஒரு தொகை உண்டு, முடிவும் உண்டு. நாலு பேரோடு நானும் ஒருத்தியாகக் கறி சமைத்தேன், குப்பை கொட்டினேன், சண்டையும் போட்டேன்.

நகரமும் மெல்லப் பிடிபட்டது. ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்தில் கட்டணமின்றி நாள் முழுக்க உட்காரலாம். என் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போயின. நகர மையத்துக்குள் கோ கேஎல் பேருந்தில் காசில்லாமல் சுற்றினேன். நேர்முகத் தேர்வுக்கு முதல் நாளே போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவது பழக்கமாயிற்று. எந்த ஒட்டுக்கடையில் இரண்டு வெள்ளிக்குள் பசியாறலாம், எந்த நிலையத்தில் இறங்கினால் வெயிலில் நடக்க வேண்டாம் என்றெல்லாம் தோழிகள் சொல்லிக் கொடுத்தார்கள். புத்தகத்தில் இல்லாத பாடங்கள் இவை.

செப்டம்பரில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு துணிக்கடையில் தீபாவளிக் கால வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 18. ஒரு நாளைக்கு 60 வெள்ளி. சேலை மடித்து மடித்து விரல் காய்ந்துவிடும். பட்டமளிப்பு விழாவுக்குப் போனபோது உறவினர்கள் "எங்கம்மா வேலை?" என்று கேட்டார்கள். "கே.எல்.ல ஒரு கம்பெனில" என்றேன். திரும்பி வரும் வழியில் மனம் கேட்காமல் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். பால் மரம் சீவியவர். சற்று நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "துணிக்கடையும் கம்பெனிதானே?" என்றார்.

நவம்பரில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் 2,200 வெள்ளி. 63 விண்ணப்பங்கள், ஐந்து நேர்முகத் தேர்வுகள், நான்கு மாதங்கள். 555 புத்தகத்தில் என் கணக்கு 740 வெள்ளியில் நின்றது. மாதம் 150 வீதம் நான்கு தவணை, கடைசியாக 140. ஐந்தாவது மாதம் என் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டபோது என் பட்டத்தைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

அந்த 740 வெள்ளி இல்லையென்றால், என் படிப்பும் மதிப்பெண்ணும் அப்படியே இருந்திருக்கும். நான் ஊரில் இருந்திருப்பேன்.

தாத்தாவின் பத்து வெள்ளி

இது ஒருத்தியின் அதிர்ஷ்டக் கதை. யாரோ அழைத்தார்கள், நான் தப்பித்தேன். அழைக்கப்படாதவர்கள் எத்தனை பேர்? அதிர்ஷ்டத்தை ஏற்பாடாக மாற்ற முடியாதா என்பதுதான் என் கேள்வி.

முடியும் என்பதற்கு நம் சமுதாயத்திலேயே சான்று உண்டு. மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டி வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. வேலை போனால் லயத்து வீடும் போகும். அப்படித் தெருவுக்கு வந்தவர்கள் பலர். அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு எதிராகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்தினார்கள். அந்தப் பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. எங்கள் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமும் சங்கத்தின் தோட்டங்களுள் ஒன்று. என் தாத்தாவும் ஓர் உறுப்பினர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். பெருவிரல் ரேகை வைத்துப் பங்கு வாங்கியவர்.

கோலாலம்பூரில் அச்சங்கத்தின் கட்டடமான விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் அரங்கத்தில் நாம் எத்தனை நூல் வெளியீடுகளுக்குப் போயிருக்கிறோம்! அந்தக் கட்டடம் யாருடைய பத்து வெள்ளி என்று நினைத்துப் பார்த்திருக்கிறோமா? பால் வெட்டிய கூலியில் பத்து வெள்ளி போட்டுத் தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பட்டம் பெற்று, மாதச் சம்பளமும் வாங்கும் நம்மால் ஓர் அறையை எடுக்க முடியாதா?

நான் முன்வைக்கும் கணக்கு எளியது. அறுபது முன்னாள் மாணவர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டால் 600 வெள்ளி. இரண்டு பேர் தங்கும் ஓர் அறைக்கு அதைக்கொண்டு தொடங்கலாம். வேலை தேடி வரும் நம் பட்டதாரி அதில் அதிகம் போனால் மூன்று மாதம் தங்கலாம். இலவசம் வேண்டாம், 555 புத்தகம் வேண்டும். வேலை கிடைத்த பின் தவணையில் திருப்பிக் கட்டட்டும். ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை என்று பின்னர் விரிவுபடுத்தலாம். ஆண்டுக் கூட்டத்தில் இதற்கென ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, கணக்கைக் கழகத்தின் மற்றக் கணக்குகளோடு சேர்த்தே சமர்ப்பிக்கலாம்.

இதற்கு எழும் மறுப்புகளும் எனக்குத் தெரியும்.

"எல்லாரும் ஏன் கோலாலம்பூருக்கு ஓட வேண்டும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. பினாங்கிலும் கூலிமிலும் ஜொகூரிலும் வேலை இருந்தால் அங்கேயே இருப்பது நல்லது. ஆனால், படித்த துறைக்குரிய வேலை தலைநகர்ப் பக்கம் இருக்கும்போது பிள்ளைகள் வரத்தான் செய்வார்கள். அவர்கள் கெட்டிக்காரர்களா என்று நகரம் சோதிக்கட்டும். வைப்புத்தொகை இருக்கிறதா என்று சோதிப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

"பணத்தைக் கட்டாமல் ஓடிவிட்டால்?" என்பார்கள். செத்தாப்பாக் வீட்டில் எனக்குப் பிறகும் ஒன்பது பேர் தங்கிப் போனார்கள். ஒருவர் 400 வெள்ளியைக் கட்டவில்லை. வருத்தம்தான். எட்டுப் பேர் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

"இப்போது சம்பளம் உயர்ந்துவிட்டதே" என்பாரும் உண்டு. உண்மை. நான் வந்தபோது தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி. 2025இல் அது 1,700 ஆனது. பயணச் செலவுக்கும் 2022 முதல் மாதம் 50 வெள்ளியில் மை50 அட்டை வந்திருக்கிறது. ஆனால், சம்பளம் மாத முடிவில்தான் வரும். வைப்புத்தொகையை முதல் நாளே வைக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில்தான் பிள்ளைகள் பையைக் கட்டுகிறார்கள்.

"இது மொழிக் கழகத்தின் வேலையா?" என்பதுதான் அடிக்கடி வரும் மறுப்பு. தமிழ் மேடையில் மட்டும் வாழ்வதில்லை. வேலையின்றி ஊர் திரும்பும் இளைஞன் கழகத்தின் புலனக் குழுவிலிருந்து முதலில் விலகுகிறான்; பிறகு நம் நிகழ்ச்சிகளுக்கு வர வெட்கப்படுகிறான். நாம் ஓர் உறுப்பினரை இழக்கிறோம். ஒரு விழாவில் நாம் போர்த்தும் பொன்னாடைகளையும் மாலைகளையும் சற்றுக் குறைத்தாலே ஓர் அறைக்கு வழி பிறக்கும். பொன்னாடை பெறும் பெரியவர்களே இதை மனமார ஏற்பார்கள் என நம்புகிறேன்.

வருகின்றவர்களுக்கு

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் சில சொற்கள். முதலாவது, முன்கூட்டியே சொல்லுங்கள். பேருந்து ஏறிய பிறகு அல்ல, தேர்வு எழுதும்போதே சொல்லுங்கள். நான் மூன்று வாரம் வாய்மூடி இருந்ததால் மூன்று வாரம் வீணாயிற்று. அறையை நேரில் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். கொடுத்த பணத்துக்கு எழுத்தில் சீட்டு வாங்குங்கள். வேலை தருகிறேன் என்று உங்களிடமே பணம் கேட்டால் அது வேலையன்று. வெளிநாட்டில் பெரிய சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிக்கொண்ட செய்திகளை 2022இல் படித்தோம். வேலையில் சேர்ந்ததும் ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் உங்கள் பெயரில் கட்டப்படுகின்றனவா என்று நீங்களே பாருங்கள். இடையில் கிடைக்கும் சிறு வேலையைத் தாழ்வாக எண்ணாதீர்கள். துணிக்கடையும் கம்பெனிதான்.

கடந்த மாதமும் ஓர் அழைப்பு வந்தது. பாகான் செராய் பக்கத்துத் தம்பி. "அங்க எங்கக்கா தங்குறது?" என்றார். எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்தத் தம்பிக்கு அது பதிலாகாது என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அடுத்த பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகாவது, "நம் கழகத்துக்கு ஓர் அறை இருக்கிறது, வாருங்கள்" என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

என் பத்து வெள்ளி தயார். இன்னும் ஐம்பத்தொன்பது பேர் வேண்டும்.